கூடுதல் சேவைக்குத் தனிக் கட்டணம்

ஜனவரி 22

நேற்று பெருந்துறை ரோட்டு மண்டபத்தில் வரவேற்பு. ஆறிலிருந்து ஒன்பது வரை என்றுதான் பேச்சு. மணப்பெண் அலங்காரம் முடிந்து மேடைக்கு வரவே எட்டரை ஆகிவிட்டது. அதுவரை கூட்டத்தைக் கலையாமல் உட்கார வைத்தது யார்? நாங்கள். பேனரில் ‘தனா மெலடீஸ்’ என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் நாங்கள் இரண்டே பேர்தான். நான் கீபோர்டு, என் மனைவி சுகந்தி பாட்டு. தபலா, டிரம்ஸ், வயலின் எல்லாம் கீபோர்டுக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை.

பெண்ணின் சித்தப்பா ஒருவருக்கு மேடையேறிப் பாட ஆசை வந்துவிட்டது. சுருதியும் இல்லை, தாளமும் இல்லை. அவர் போகிற பக்கமெல்லாம் கீபோர்டைத் திருப்பிக்கொண்டு ஓடினேன். அப்புறம் வாசலை மறித்து நின்ற ஒரு காரின் எண்ணைச் சுகந்தி திரும்பத் திரும்ப அறிவித்தாள். ஒரு குழந்தையின் காணாமல் போன செருப்பையும் அறிவித்தாள். வெளிநாட்டிலிருந்து வந்த வாழ்த்துகளை வாசித்தாள். நடுநடுவே பாடவும் செய்தாள். கடைசிப் பந்தி எழுந்திருக்கும்வரை பாடச் சொன்னார்கள். பாடினாள்.

முடிவில் பேசின தொகையையும் இரண்டு தாம்பூலப் பைகளையும் கொடுத்தார்கள். கூடுதல் நேரத்துக்கு ஏதாவது பார்த்துக் கொடுங்கள் என்று பெண்ணின் அப்பாவிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

“பாட்டுத்தானுங்களே தம்பி. கூட ரெண்டு பாடுனா என்னங்க கொறஞ்சு போயிரும்?”

அதே மனிதர், ஏசி கூடுதலாக ஓடியதற்கு மண்டப மேனேஜரிடம் முகம் சுளிக்காமல் பணம் கொடுத்தார். ஜெனரேட்டர் டீசலுக்குக் கொடுத்தார். யாரோ உடைத்த நாற்காலிக்குக்கூடக் கொடுத்தார். நாற்காலிக்கு இருக்கிற மதிப்பு எங்களுக்கு இல்லை.

வேனில் திரும்பும்போது வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தேன். சுகந்தி வாய் திறக்கவில்லை. பாடி முடித்த நாட்களில் அவள் பேச மாட்டாள்.

ஜனவரி 24

இடது பக்க ஸ்பீக்கரின் ஒயர் விட்டுப்போயிருந்தது. பற்றவைத்தேன். பிறகு உட்கார்ந்து விலைப்பட்டியல் போட்டேன்.

எங்கள் பழைய பட்டியலில் மொத்தத் தொகை ஒன்றுதான் இருக்கும். இனி அப்படி இல்லை. பேசின நேரத்துக்கு மேல் போனால் ஒவ்வொரு மணிக்கும் தனி. நாங்கள் பாடாத புதுப் பாட்டு வேண்டுமென்றால் ஒவ்வொரு பாட்டுக்கும் தனி. சொந்தக்காரர்கள் மேடையேறிப் பாடினால் தனி. நிகழ்ச்சித் தொகுப்பு, அறிவிப்பு, பந்தியில் பாடுவது, காலையில் முகூர்த்தத்துக்கு வருவது எல்லாவற்றுக்கும் தனித்தனி. மேலே ‘கூடுதல் சேவைக்குத் தனிக் கட்டணம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். எழுதி முடித்தபோது, இத்தனை வருடம் எவ்வளவு விட்டிருக்கிறோம் என்று நெஞ்சு எரிந்தது.

சுகந்தி முழுவதையும் படித்தாள். “நடுவுல கொஞ்சம் ஓய்வுன்னு ஒண்ணு போடலீங்களா?” என்று கேட்டாள்.

பாடாமல் இருக்கிற நேரத்துக்கு எவன் காசு கொடுப்பான் என்றேன். அவளும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

ஜனவரி 31

அச்சடித்து வந்துவிட்டது. ‘சேவை’ என்பதைச் ‘சேவல்’ என்று அடித்துவிட்டான். திரும்ப அடிக்கச் சொன்னேன். சேவலாக இருந்திருந்தாலும் விடிகாலையில் கூவுவதோடு விட்டிருப்பார்கள்.

பிப்ரவரி 12

பவானியில் முதல் வெற்றி. மாப்பிள்ளை வீட்டார் பட்டியலைப் பார்த்துவிட்டு முனகினார்கள். ஒருவர், நீங்கள் பாட்டுக் கச்சேரியா மளிகைக் கடையா என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஐந்து புதுப் பாட்டு, நிகழ்ச்சித் தொகுப்பு, ஒரு மணி நேரம் கூடுதல். எல்லாவற்றுக்கும் பேசியபடி கொடுத்தார்கள். கேட்பதற்குக் கூசவேயில்லை.

சுகந்தி அந்த ஐந்தையும் மூன்றே நாளில் பாடமாக்கியிருந்தாள். அடுப்படியில் செல்போனைத் தண்ணீர்க் குடத்தின் மேல் வைத்துக்கொண்டு சட்டினி அரைத்தபடியே கற்றுக்கொள்வாள். அவளுக்கு அது பெரிய வேலையே இல்லை.

திரும்பும் வழியில் ஆற்று மீன் வாங்கினேன்.

பிப்ரவரி 19

சுகந்திக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. மண்டபத்து ஐஸ்கிரீமைத் தொடாதே என்றால் கேட்பதில்லை.

மார்ச் 4

கோபியில் நிகழ்ச்சி. இரண்டாவது பாட்டில் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது சுகந்தியின் குரல் ஒரு நொடி பிசிறியது. கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. கீபோர்டில் ஒரு பட்டன் இருக்கிறது. ஒருமுறை அழுத்தினால் பாட்டு முழுவதும் அரைக் கட்டை இறங்கிவிடும். விரல் எப்போதும்போல அதே இடத்தில்தான் ஓடும், சுருதி மட்டும் தாழும். அடுத்த பாட்டுக்கு அழுத்தினேன்.

முன்னிசையிலேயே அவள் கண்டுபிடித்துவிட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பாடினாள். நன்றாகவே பாடினாள். கைதட்டினார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் சமாளிப்பதற்குத்தான் அனுபவம் வேண்டும் என்பது.

மார்ச் 17

கேஸ் சிலிண்டர் வந்தது. சுகந்தி கஷாயம் வைத்துக் குடிக்கிறாள். கோயம்புத்தூரில் புது மாடல் கீபோர்டு வந்திருக்கிறது. கடைக்காரர் வீடியோ அனுப்பினார். புல்லாங்குழல் சத்தம் நிஜக் குழல் மாதிரியே இருக்கிறது.

ஏப்ரல் 9

இன்று மஞ்சள் மண்டி நாச்சிமுத்துவைப் பார்த்தேன். வைகாசியில் மகள் கல்யாணம். மண்டிக்குள் நுழைந்ததுமே தும்மல் வந்தது. மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். நான் பேரத்துக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

பேனாவை எடுத்து ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் டிக் போட்டார். ஒன்றைக்கூட விடவில்லை.

“எல்லாத்தையுமே போட்டுக்குங்க. ஒரே மக. கொறையில்லாம நடக்கோணும், அவ்வளவுதானுங்க.”

முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். பதினொரு புதுப் பாட்டு. தொகுப்பு, பந்தி எல்லாம். அட்வான்ஸையும் அங்கேயே எடுத்துக் கொடுத்துவிட்டார். இருபது வருடத்தில் இப்படி ஒரு மனிதரைப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து சுகந்தியிடம் சொன்னேன். மாவு பிசைந்துகொண்டிருந்தாள். புதுப் பாட்டு எத்தனை என்று மட்டும் கேட்டாள், சொன்னேன். கொஞ்ச நேரம் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“ஒரு வார்த்தை என்னைக் கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாமுங்க.”

அபிராமிக்கு ஹாஸ்டல் கட்டணம் யார் கட்டுவது என்று கேட்டேன். மகள் நாமக்கல்லில் நர்சிங் படிக்கிறாள். செலவு என்னவென்று சுகந்திக்கும் தெரியும். மாவை மூடி வைத்தாள்.

ஏப்ரல் 15

அந்த அட்வான்ஸில் புது கீபோர்டு வாங்கிவிட்டேன். நாச்சிமுத்து மாதிரி ஆள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பழைய கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஹாஸ்டல் கட்டணத்துக்கு ஜூன் மாதம்வரை அவகாசம் இருக்கிறது.

ஏப்ரல் 22

அந்தியூர். ஒன்றரைக் கட்டை இறக்க வேண்டியிருந்தது. புது கீபோர்டில் இறக்கினாலும் ஒலி கெடுவதில்லை. வாங்கியது நல்லதாகப் போயிற்று.

மே 3

கீழே குடியிருக்கும் வீட்டுக்கார ரஹ்மத் அக்கா தண்ணீர் மோட்டார் போட வந்தபோது, “சுகந்தி கையில ஆஸ்பத்திரி ஃபைலோட பஸ்ஸுக்கு நின்னுச்சே, என்னங்க தம்பி ஆச்சு?” என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று எப்படிச் சொல்வது? சும்மா சளிதான் என்றேன்.

மாடிக்கு வந்து கேட்டேன். மறைக்கவில்லை. தொண்டை டாக்டரிடம் தனியாகப் போய்வந்திருக்கிறாள். உள்ளே குழாய் விட்டுப் பார்த்தாராம்.

“தொண்டைக்குள்ள ரெண்டு பக்கமும் காய் காய்ச்சிருக்காமுங்க. கையில காய்க்கிற மாதிரி. ரெண்டு மாசம் பாடக் கூடாதாம். பேசவும் கூடாதாம்.”

சொல்லும்போதே குரல் கரகரத்தது. என்னிடம் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்கதான் பட்டனை அழுத்துறீங்களே, உங்களுக்குத் தெரியாதுங்களா?” என்றாள்.

இருபத்தாறாம் தேதி நாச்சிமுத்து வீட்டு முகூர்த்தம் முடியட்டும், அப்புறம் இரண்டு மாதம் என்ன, நான்கு மாதம் வேண்டுமானாலும் ஓய்வெடு என்றேன். சரி என்றாள். சண்டை எதுவும் இல்லை.

ஸ்பீக்கர் தூக்கித் தூக்கி என் உள்ளங்கையிலும்தான் காய்த்திருக்கிறது. அதற்காக நான் டாக்டரிடம் போகவில்லை.

மே 14

ஒத்திகை. அவள் வாயை மட்டும் அசைக்கிறாள், சத்தம் வரவில்லை. முழுக் குரலில் பாடிப் பார்க்காவிட்டால் எனக்கு எப்படிச் சுருதி தெரியும்? கேட்டதற்கு, “அன்னைக்கு இருக்கிற குரல்ல பாடறேன்” என்று கிசுகிசுத்தாள்.

சாயங்காலம் அபிராமி போன் செய்தாள். என்னிடம்தான் பேச வேண்டுமாம். அம்மாவைப் பாட விடாதீங்கப்பா என்றாள். நர்சிங்கில் இரண்டு வருடம் படித்துவிட்டால் இப்படித்தான், எதைப் பார்த்தாலும் வியாதி. உன் ஹாஸ்டல் கட்டணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன்.  நான்தான் போனை வைத்தேன்.

மே 27

முந்தாநாளும் நேற்றும் நடந்ததை எழுத வேண்டும். எழுதாவிட்டால் தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும்.

வரவேற்புக்கு ஆயிரம் பேருக்கு மேல் இருப்பார்கள். மேடைக்கு வலது பக்கம் எங்களுக்குத் தனியாக மேடை போட்டு, பூ அலங்காரமெல்லாம் செய்திருந்தார்கள். இத்தனை மரியாதை எங்குமே கிடைத்ததில்லை. சுகந்தி மாம்பழ நிறப் பட்டுப் புடவையில் வந்தாள். இரண்டு கட்டை இறக்கி வைத்தேன்.

தொடக்கத்தில் ஒன்றும் பிரச்சினையில்லை. வாழ்த்துப் பாட்டு பாடினாள். நிகழ்ச்சித் தொகுப்பும் செய்தாள். பெண்ணின் அத்தை ஒருத்தி மேடையேறிப் பாடினாள், சுகந்தி கூடவே பாடித் தாங்கினாள். புதுப் பாட்டில் நான்கு முடிந்தது. தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சைகை காட்டினாள். அதற்குள் மணப்பெண் வாசலுக்கு வந்துவிட்டதாகச் சொன்னார்கள். பெண் நடந்து வருவதற்கென்றே கேட்ட பாட்டு, அதைத் தள்ளிப்போட முடியாது. ஆரம்பித்தேன்.

முன்னிசை முடிந்தது. சுகந்தி வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது.

மறுபடி முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. மைக்கில் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. பெண் பாதி வழியில் நின்று எங்கள் பக்கம் பார்த்தாள். நான் சட்டென்று புல்லாங்குழல் ஒலிக்கு மாறி, பாட்டின் மெட்டை நானே வாசித்தேன். மைக் கோளாறு என்று மைக்செட்காரருக்குச் சைகை காட்டினேன். அவர் ஓடிவந்து சுகந்தியின் கையிலிருந்து மைக்கை வாங்கித் தட்டிப் பார்த்தார். டொக், டொக். மண்டபம் முழுக்கக் கணீரென்று கேட்டது.

நாச்சிமுத்துவின் மனைவி தெய்வானை அம்மாள் மேடைக்கே வந்து சுகந்தியைக் கைப்பிடித்துக் கீழே கூட்டிப்போனார். மகளின் வரவேற்பை விட்டுவிட்டு, மணமகள் அறையில் அவளை உட்கார வைத்து, மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பாலைத் தன் கையாலேயே ஆற்றிக் கொடுத்தார். நான் கதவோரம் நின்றிருந்தேன்.

“எத்தன நாளா அம்மிணிக்கு இப்படி இருக்குதுங்க?” என்று என்னைக் கேட்டார்.

“நேத்துலருந்துதானுங்க” என்றேன்.

சுகந்தி பாலைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவளால் சொல்ல முடியாது என்பது இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு நான் தனியாகவே வாசித்தேன். மறுநாள் முகூர்த்தத்துக்கும் தனியாகத்தான் போனேன்.

எல்லாம் முடிந்தபின் நாச்சிமுத்து கூப்பிட்டு அனுப்பினார். சத்தம் போடுவார் என்றுதான் நினைத்தேன். போட்டிருந்தால் தேவலை. மடித்து வைத்திருந்த என் பட்டியலைப் பையிலிருந்து எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டார். புதுப் பாட்டில் ஏழு நடக்கவில்லை, அடித்தார். பந்தியில் பாடவில்லை, அடித்தார். காலையில் பாட்டு இல்லை, அடித்தார். ஒவ்வொன்றுக்கும் என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, “சரிதானுங்களே?” என்று கேட்டார். நான் போட்ட விலை, நான் போட்ட எழுத்து. இல்லை என்று எப்படிச் சொல்வது? மொத்தமாக ஒரு தொகை பேசியிருந்தால் பெருந்தன்மையாகக் கொடுத்திருப்பார். தனித்தனியாகப் போட்டதால் தனித்தனியாகக் கழித்துவிட்டார். அட்வான்ஸிலேயே ஒரு பகுதியை நான் திருப்பித் தர வேண்டும் என்று ஆயிற்று.

புறப்படும்போது, “அம்மிணிய நல்ல டாக்டர்கிட்டக் காட்டுங்க. அந்தச் செலவு வேணுமுன்னா நான் பாத்துக்கறனுங்க” என்றார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எங்களுக்கும் மானம் இருக்கிறது.

ஜூன் 2

அபிராமி விடுமுறைக்கு வந்து அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனாள். என்னைக் கூப்பிடவில்லை. இப்போது சுகந்தி முழு மௌனம். சாப்பாடு தயார் என்றால் தட்டில் கரண்டியால் தட்டுகிறாள். அந்தச் சத்தம் எனக்கு ஆவதில்லை. அம்மாவும் மகளும் செல்போனில் எழுதி எழுதிக் காட்டிக்கொள்கிறார்கள். எனக்கு எழுதினால் ‘அரிசி இல்லை’, ‘பால்காரர் வந்தார்’, அவ்வளவுதான்.

ஜூன் 5

சுகந்தியின் கழுத்தில் சங்கிலி இல்லை. தாலிக்கயிறு மட்டும்தான். எங்கே என்று கேட்டேன். அபிராமியைக் கைகாட்டினாள். ஹாஸ்டல் கட்டணம் கட்டியாகிவிட்டதாம்.

ஜூன் 8

நாளைய சிவகிரி நிகழ்ச்சிக்குக் கோயம்புத்தூரிலிருந்து வர்ஷினி என்று ஒரு பெண்ணைப் பேசினேன். இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். பேசி முடித்ததும் வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பினாள். ஒவ்வொரு மணிக்கும் கால் மணி ஓய்வு கட்டாயம். கார் எண் வாசிக்க மாட்டாளாம். புதுப் பாட்டுக்குத் தனி. நேரம் கூடினால் தனி. ஃபிளாஸ்கில் வெந்நீர் வேண்டும். போகவர டாக்ஸி.

ஆத்திரம் தாங்காமல் அதைச் சுகந்தியிடம் சத்தமாக வாசித்தேன். பார், உன் மகள் வயதுப் பெண் என்னிடமே விலைப்பட்டியல் நீட்டுகிறாள் என்றேன். சுகந்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிய, மூச்சு முட்ட, துளிச் சத்தம் இல்லாமல்.

நான் அந்த அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஜூன் 10

வர்ஷினி நன்றாகப் பாடினாள். ஓய்வு நேரத்தில் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து வெந்நீர் குடித்தாள். அந்தக் கால் மணியும் நான் மெதுவாக ஏதோ வாசித்துக்கொண்டிருந்தேன். ஜனங்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்திருந்தேன். யாரும் கோபிக்கவில்லை. பாட்டு நின்றதை யாரும் கவனித்ததாகவே தெரியவில்லை. பேசிக்கொண்டும் ஃபோட்டோ எடுத்துக்கொண்டும் இருந்தார்கள்.

அவளுக்குக் கொடுத்தது போக டீசலுக்குத்தான் மிஞ்சியது.

ஜூன் 30

புது கீபோர்டை விற்று நாச்சிமுத்துவின் பாக்கியைத் தீர்த்தேன். வாங்கியவன் சேலத்துக்காரன். பெட்டியைத் திறந்ததுமே குழல் ஒலியைத்தான் வாசித்துப் பார்த்தான்.

நாச்சிமுத்து, சுகந்திக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். கிளம்பும்போது ஒரு பொட்டலம் மஞ்சள் தூள் கொடுத்தார். பாலில் போட்டுக் குடித்தால் தொண்டைக்கு நல்லதாம். அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 15

டாக்டர் பேசலாம் என்று சொல்லிவிட்டாராம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினாள்.

“தண்ணி வருது. மோட்டாரைப் போட்டு வுடுங்க.”

இத்தனை நாள் கழித்து முதல் பேச்சு அதுதான். குரல் தணிந்து, அடியிலிருந்து வந்தது. வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். மெதுவாக ஒரு பாட்டு முயன்று பார்க்கலாமா, எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கி வாசிக்கிறேன் என்றேன்.

“வேண்டாங்க” என்றாள். அவ்வளவுதான். தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள்.

ஜூலை 29

ஆடி மாதம், கல்யாணம் இல்லை. சுகந்தி மணிக்கூண்டு பக்கம் ஒரு மருந்துக் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். காலையில் போய் மாலை நான்குக்கு வந்துவிடுகிறாள். என்னைக் கேட்கவில்லை, சொன்னாள்.

ஆகஸ்ட் 20

சென்னிமலையிலிருந்து ஒருவர் வந்தார். மூன்று வருடம் முன்பு அவருடைய அண்ணன் மகன் கல்யாணத்தில் சுகந்தி பாடியதைக் கேட்டவராம். அந்த அக்காதான் பாட வேண்டும், வேறு யாரும் வேண்டாம், விலையை நீங்களே சொல்லுங்கள் என்றார். இதுவரை யாரிடமும் கேட்காத ஒரு தொகையைச் சொன்னேன். சரி என்றார். ஓய்வுக்கும் சேர்த்தே பேசினேன். மணிக்குக் கால் மணி. அதற்கும் சரி என்றார்.

சுகந்தி வேலையிலிருந்து வந்து காபி குடிக்கும்வரை காத்திருந்து சொன்னேன்.

“எவ்வளவு சொன்னீங்க?”

சொன்னேன்.

“நல்ல தொகைதானுங்க. வர்ஷினியக் கூப்புட்டுக்குங்க.”

அவர்கள் உன்னைத்தான் கேட்கிறார்கள் என்றேன். ஓய்வுக்கும் சேர்த்துப் பேசியிருப்பதைச் சொன்னேன். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

“நான் கலியாணத்துல பாடறத வுட்டுட்டேனுங்க.”

“டாக்டர் பாடக் கூடாதுன்னு சொன்னாரா?”

“இல்லீங்க. பாடலாமுன்னுதான் சொன்னாரு.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். கடையில் மாத்திரை இருக்கிறது, டானிக் இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

ஆகஸ்ட் 21

சென்னிமலைக்காரர் வேறு குழுவைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

செப்டம்பர் 3

வாடகை கொடுக்கக் கீழே போனேன். ரஹ்மத் அக்கா பணத்தை வாங்கி வைத்துவிட்டு, சுகந்தியின் குரல் முன்னைவிட இப்போதுதான் மனசைப் பிடிக்கிறது என்றார். எனக்குப் புரியவில்லை.

“சாயங்காலமானா மாடியில பாடுதே. நீங்க கச்சேரிக்குப் போனப்பறம். எங்க வூட்டுல டிவியக்கூட நிறுத்திருவோம்.”

ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 5

இன்று பெருந்துறையில் வரவேற்பு இருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அப்படி ஒன்றும் இல்லை. வேனைச் சந்து முனையில் நிறுத்திவிட்டுச் சிறிது நேரத்தில் திரும்பி வந்தேன். படிக்கட்டில் பாதி ஏறும்போதே கேட்டது.

பழைய குரல் இல்லை. மூன்று கட்டை இறங்கியிருக்கும். உச்சிக்கே போகவில்லை. அடியில் நின்று, நிறுத்தி நிறுத்தி, மூச்சு விட்டுப் பாடினாள். கல்யாணப் பாட்டு இல்லை. எந்த மண்டபத்திலும் யாரும் எங்களிடம் கேட்டிராத ஒரு பழைய பாட்டு. இது அவளுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. இரண்டாவது சரணத்தில் ஒரு வரி சரியாக அமையவில்லை. நிறுத்திவிட்டு மறுபடி பாடினாள். அவசரமே இல்லை.

படியிலேயே உட்கார்ந்தேன். இந்தக் குரலுக்கு எவ்வளவு கேட்கலாம் என்று மனது தன்பாட்டுக்கு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பழக்கம். அதை நிறுத்த முடியவில்லை.

எழுந்தபோது செருப்பு படியில் உரசியது. பாட்டு நின்றது. சுகந்தி கதவைத் திறந்தாள். முகத்தில் கோபமும் இல்லை, கூச்சமும் இல்லை.

“நேரமே வந்துட்டீங்களா? டீ வெக்கட்டுங்களா?”

நிகழ்ச்சி ரத்தாகிவிட்டது என்றேன். டீ குடித்தோம். நான் இருந்தவரை அவள் மறுபடி பாடவில்லை. பூண்டு உரித்தாள், துணி எடுத்தாள், மகளுக்குப் போன் செய்தாள்.

செப்டம்பர் 6

இன்று முழுவதும் வீட்டில்தான் இருந்தேன். அவள் பாடவில்லை.

செப்டம்பர் 16

இப்போதெல்லாம் அவள் வேலையிலிருந்து வந்ததும் நான் கிளம்பிவிடுகிறேன். நிகழ்ச்சி இருந்தாலும் கிளம்புகிறேன், இல்லாவிட்டாலும் கிளம்புகிறேன். எங்கே என்று அவள் கேட்பதில்லை. வாய்க்கால் பாலம் தாண்டி ஒரு டீக்கடை இருக்கிறது. இருட்டும்வரை அங்கே உட்கார்ந்திருக்கிறேன். அங்கே வரைக்கும் பாட்டு கேட்காது.